டிவி பெட்டியில் கோடி (Kodi) ஆப் இருந்தாலே போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது அண்ணாச்சி. கோடி வெறும் வீடியோ பிளேயர்தான், அதோடு ஒரு படமும் வராது. வண்ணார்பேட்டையில் வாங்கிய டிவி பெட்டியில் நேற்று ரிலீஸான படமே ஓசியில் ஓடுகிறது என்கிறீர்களே, கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த ஆட்-ஆன்தான் (கோடிக்குள் சேர்க்கும் கூடுதல் நிரல்) அதற்குக் காரணமாக இருக்கும். சிக்கலும் அங்கேதான்.

1. கோடியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆட்-ஆன்ஸ் போங்கள். 'அன்நோன் சோர்ஸஸ்' (வெளி ஆட்-ஆன்களை ஏற்ற விடும் அனுமதி) ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

2. கோடியையே நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக ஏற்றுங்கள். அப்புறம் அதன் அதிகாரப்பூர்வ ரெப்போவில் (ஆட்-ஆன் தொகுப்பில்) இருப்பதை மட்டும் போடுங்கள். வெளி ஆட்-ஆன் எல்லாமே திருட்டு என்று சொல்லவில்லை. காசு கட்டிப் பார்க்க வேண்டியது சும்மா வந்தால் சந்தேகமே வேண்டாம், தூக்கிவிடுங்கள்.

ஆனால் டீக்கடையில் மாட்டப் போவதாகச் சொன்னீர்கள், அதுதான் எனக்குக் கவலை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, தெரிந்தே மீறுபவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார இடத்தில் ஓட்டிவிட்டுத் தெரியாது என்று தப்பிப்பது கஷ்டம். முறையாகக் கட்டிய ஓடிடி சந்தாவும் பெரும்பாலும் வீட்டு உபயோகத்துக்குத்தான். கடைக்கு என்றால் கேபிள்காரரிடம் வணிக இணைப்பு கேளுங்கள்.