மாதவிடாய் நின்ற பிறகும் ஹார்மோன் மாத்திரை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. மார்பகப் புற்றுக் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தாயிற்று. அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 90%, பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 40%, ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ். லெட்ரோசோல் 2.5 மி.கி. தினமும் ஒன்று, ஐந்து வருடம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்று பல வருடம் ஆகிறதே, இனி எந்த ஹார்மோனைத் தடுக்கப் போகிறது? மூட்டு வலி தாங்காமல் நிறுத்திவிடலாமா என்கிறார்.

பதில்: சினைப்பை ஓய்ந்தாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடியோடு நிற்பதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன்களை (ஆண் ஹார்மோன்களை), கொழுப்பிலும் தசையிலும் மார்பகத் திசுவிலும்கூட இருக்கும் அரோமட்டேஸ் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அளவு சொற்பம்தான். ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைந்த புற்றுச் செல்லுக்கு அதுவே போதும்.

செல்லின் உட்கருவில் ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியைப் பற்றியதும், ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அப்படி உருவாகும் சைக்ளின் டி1, சி.டி.கே. 4, 6 நொதிகளோடு சேர்ந்து செல் பிரிவதற்கான தடையை விலக்குகிறது. பி.ஆர். என்பதும் ஈஸ்ட்ரோஜன் தூண்டலில் உருவாகும் புரதமே. ஆகவே அது பாசிட்டிவாக இருந்தால், இந்தப் பாதை நிஜமாகவே இயங்குகிறது என்று நம்பலாம். (1% செல்களில் நிறம் பிடித்தாலே ஈ.ஆர். பாசிட்டிவ், 90% என்றால் மாத்திரைக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடிய வகை.)

லெட்ரோசோல் அரோமட்டேஸை முடக்கும். இன்னொரு ஹார்மோன் மாத்திரையான டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைத் தொடாது, ஏற்பியை அடைத்துக்கொள்ளும். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுப்பது தவறு: ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை சினைப்பையை இன்னும் தூண்டிவிடும். சினைப்பையை ஓய வைக்கும் ஊசியும் கூடவே வேண்டும்.

தானாக நிறுத்த வேண்டாம். கட்டி போனாலும் ஸ்கேனில் தெரியாத செல்கள் உடம்பில் உறங்கிக் கிடக்கலாம். இந்த வகை, ஐந்து வருடம் தாண்டியும் திரும்பக்கூடியது.

மூட்டு வலி இந்த மருந்தின் வழக்கமான தொல்லை. தினசரி நடையும் உடற்பயிற்சியும் பலருக்குக் குறைக்கின்றன. குறையாவிட்டால் அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. அல்லது எக்ஸமெஸ்டேன் 25 மி.கி.க்கு மருத்துவர் மாற்றிப் பார்ப்பார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துப்போவதுண்டு. எலும்பும் தேயும் என்பதால் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள். டமாக்சிஃபென் 20 மி.கி.க்கு மாறினால் எலும்புக்கு நல்லது. ஆனால் பிறப்புறுப்பில் ரத்தக்கசிவோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தால் உடனே காட்ட வேண்டும். மனச்சோர்வுக்கான பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின் மாத்திரைகள் டமாக்சிஃபெனின் வீரியத்தைக் குறைக்கலாம் என்பதால், அவற்றைச் சாப்பிடுகிறாரா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.