பிரீ-மெட் படிக்கும் மகள் ஒரு செமஸ்டர் வெளிநாடு போய் வரலாமா?

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு பிரீ-மெட் படிக்கும் மகள் ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படிக்க ஆசைப்படுகிறாள், மருத்துவக் கல்லூரி வாய்ப்பு கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகட்டும். நானும் பிரீ-மெட் படித்தபோது மூன்றாம் ஆண்டின் முதல் பாதியான ஃபால் செமஸ்டரை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் படித்தவள்தான். எந்த செமஸ்டரில் போகிறாள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பிரீ-மெட் என்பது தனிப் பட்டம் இல்லை. எதில் பட்டம் வாங்கினாலும் உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும். இதில் ஆளைக் கட்டிப்போடுவது வேதியியல். முதலாண்டில் பொது வேதியியல் முடிந்தால்தான் ஆர்கானிக் (கரிம வேதியியல்) ஒன்று, அப்புறம் ஆர்கானிக் இரண்டு, அதற்கும் பிறகுதான் பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). பல கல்லூரிகளில் ஆர்கானிக் இரண்டை ஆண்டின் இரண்டாம் பாதியான ஸ்பிரிங் செமஸ்டரில்தான் நடத்துவார்கள். இரண்டாம் ஆண்டு ஸ்பிரிங்கில் அவள் வெளிநாட்டில் இருந்தால், அந்தப் பாடத்துக்காக முழு வருடம் காத்திருக்க நேரும்.

மூன்றாம் ஆண்டு ஸ்பிரிங்கும் வேண்டாம். இடைவெளி விடாமல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை எழுதுவது பெரும்பாலும் அப்போதுதான். கல்லூரிக் குழுவே பரிந்துரைக் கடிதம் தரும் வழக்கம் இருந்தால், அதற்கான நேர்காணலும் அந்தச் சமயத்தில்தான் வரும். விண்ணப்பம் மே, ஜூனில். ஆக, மிஞ்சுவது மூன்றாம் ஆண்டு ஃபால்.

நான் இரண்டாம் ஆண்டில் ஆர்கானிக்கையும் இயற்பியலையும் சேர்த்தே எடுத்தேன். வாரத்தில் இரண்டு மதியம் லேப், ராத்திரி லேப் ரிப்போர்ட். அந்த வருடம் கஷ்டப்பட்டதால்தான் கோபன்ஹேகனில் நிம்மதியாக இருக்க முடிந்தது. பயோகெமிஸ்ட்ரியைத் திரும்பி வந்து எடுத்தேன். ஒரு வருட இடைவெளிக்குப் பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். இன்று பெரும்பாலோர் அப்படித்தான் சேர்கிறார்கள், அதைப் பின்னடைவாக நினைக்காதீர்கள்.

அங்கே போய் அடிப்படை அறிவியல் பாடம் எதையும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டில் படித்ததைப் பல மருத்துவக் கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை. உளவியல், சமூகவியல் எடுக்கலாம். 2015 முதல் எம்கேட்டிலேயே அவை இருக்கின்றன. கோபன்ஹேகனில் வெளிநாட்டுப் படிப்புத் திட்டம் நடத்தும் டிஐஎஸ் போன்ற இடங்களில் டேனிஷ் மருத்துவர்களே அமெரிக்க மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் டாக்டர் ஒருநாள் பன்றிக்கால் கொண்டுவந்து தையல் போடக் கற்றுத் தந்தார். என் முதல் முடிச்சு நழுவியது, இரண்டாவதில் தோல் கிழிந்தது. "அவசரப்படாதே, தோலைப் பார்" என்றார். இன்றும் ஊசியைக் கையில் எடுத்தால் அந்தக் குரல் கேட்கிறது.

ஆனால் அது பன்றிக்கால். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தோழி ஒருத்தி கோடை விடுமுறையில் வேறொரு நாட்டுக்கு மருத்துவத் தன்னார்வலராகப் போனாள். பயிற்சியே இல்லாத அவளை நோயாளிகளுக்கு ஊசி போடச் சொன்னார்கள், போட்டாள். மருத்துவக் கல்லூரி நேர்காணலில் அதைப் பெருமையாகச் சொன்னபோது, "இங்கே உங்களை அதைச் செய்ய விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளிடம் பதில் இல்லை. மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அருகில் நின்று பார்க்கலாம், நோயாளி மேல் கை வைக்கக் கூடாது. அது அந்த நோயாளிக்குச் செய்கிற அநியாயம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: நான்கு வருடப் பாடத் திட்டத்தைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிரீ-மெட் ஆலோசகரையும் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகத்தையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியாமல் போவதுண்டு. ஆர்கானிக் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தையும் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். அவர் முகம் மறக்காமல் இருக்கும்போதே.