புகை போச்சு, சரி... எஞ்சின் சுத்தமா?

கேள்வி: சின்ன வயதில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், ஏறுகிற விமானம் கரும்புகையால் கோடு போட்டுக்கொண்டே போகும். இப்போது புகையே காணோம். எஞ்சின் சுத்தமாகிவிட்டதா?
– ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: முப்பது வருஷம் எஞ்சின் ஷாப்பில் கிடந்தவன் சொல்கிறேன். புகை போனது நிஜம். சுத்தமானது பாதி நிஜம்.

விமானத்துக்கு ஊற்றுவதும் ஒரு வகை மண்ணெண்ணெய்தான். திரி ஸ்டவ் மஞ்சளாக எரிந்தால் பாத்திரத்தின் அடி கரியாகுமே, பழைய போயிங் 727, 737 விமானங்களில் இருந்த ஜேடி8டி எஞ்சினின் எரிகலனிலும் (எண்ணெய் எரிகிற அறை) அதே கூத்துதான். எண்ணெய் தெளிக்கிற இடத்தில் காற்று போதவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே கூடுதல் காற்று விட்டு எரிகலனை மாற்றினார்கள். புகை அடங்கியது.

அப்புறம் வேறு வம்பு. தீயின் சூடு சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்கிற மாசாகிவிடும். எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினுக்குள் அழுத்தத்தை ஏற்றினால் இது இன்னும் கூடும்.

இதைக் குறைக்க இரண்டு வழி. எஞ்சின் செய்கிற பிராட் அண்ட் விட்னிக்காரர்கள் முதலில் எண்ணெயைத் தூக்கலாக விட்டு எரிக்கிறார்கள். பிறகு சட்டென்று காற்றைக் கொட்டி, மிச்சத்தை மெலிசாக, அதாவது எண்ணெய் குறைவாகவும் காற்று அதிகமாகவும் வைத்து எரிக்கிறார்கள். நடுவில் வரும் உச்சச் சூட்டை மில்லி செகண்டுகளில் தாண்ட வேண்டும். வெயில் மணலில் செருப்பில்லாமல் ஓடுவது மாதிரி. சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப் எஞ்சினில் எண்ணெயையும் காற்றையும் முன்னமே சுழற்றிக் கலந்து, மெலிசாகவே எரிக்கிறார்கள். மெலிசான தீ அணைந்துவிடும் என்ற பயத்துக்காக, நடுவில் ஒரு சின்ன பைலட் தீ, அதாவது அணையாமல் காக்கிற துணைத் தீ. எண்ணெயைத் தெளிக்கிற அந்த நாசில் முன்பு 20 துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. இப்போது முப்பரிமாண அச்சில் ஒரே துண்டு. நாசில் மூக்கில் ஒட்டிய கரியை விரல் நோகச் சுரண்டியவனுக்குக் கொஞ்சம் பொறாமைதான். உங்கள் மாடிக்கு மேலே போகும் ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் இரண்டு வகையும் உண்டு.

ஆனால் ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரிகலனை எப்படி வளைத்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

கேள்வி: விமானத்தில் ஏறப்போகும்போது மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தரையில் ஊர்ந்து போகும்போது எஞ்சினுக்கு வேலை குறைவு, உள்ளே சூடும் குறைவு. எண்ணெய் முழுக்க எரியாமல் கொஞ்சம் வெளியே வந்துவிடும். புகைச் சோதனை விதியிலேயே தரை ஓட்டத்துக்கு முழு விசையில் 7 சதவீதம் வைத்து 26 நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். டேக்-ஆஃபுக்கு வெறும் 42 விநாடி!