வீடற்றவர்களுக்கு இலவச மருத்துவம் கிடைத்தால் போதாதா?

போதாது. மருந்துச் சீட்டே நோயாளிக்கு வீடு இருக்கிறது என்ற நினைப்பில்தான் எழுதப்படுகிறது. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். நடைபாதையில் படுப்பவர் எங்கே வைப்பார்? சிறுநீர் பிரியும் மாத்திரையைக் கொடுத்தால், ஒதுங்கக் கழிப்பறை இல்லாதவர் அதை விழுங்காமல் பையிலேயே வைத்திருப்பார். கோப்பில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதிவிடுவார்கள். எரிச்சலாக இருக்கிறது.

கால்களைப் பாருங்கள். திருட்டுப் பயத்தில் ஷூவைக் கழற்றாமலே தூங்குகிறவருக்கு ஈரத்தில் தோல் வெளுத்து ஊறி, வெடித்து, சீழ் பிடிக்கிறது. உலர்ந்த காலுறையும் கால் கழுவத் தண்ணீரும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். காசநோய்க்கோ வழக்கமாக 6 மாதம் மாத்திரை. அதற்குள் அவரை எத்தனை இடங்களிலிருந்து விரட்டியிருப்பார்களோ!

மனநோயும் போதைப் பழக்கமும் வீடிழக்கக் காரணமாகலாம்; தெருவுக்கு வந்த பிறகும் தொற்றிக்கொள்ளலாம். 'முதலில் குடியை நிறுத்து, பிறகு வீடு' என்ற நிபந்தனையைத் தலைகீழாக்கி, 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம் முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தது. பெரும்பாலானோர் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள். சாவியோடு, அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கூடவே அலைய ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும். முகவரி இல்லாதவருக்கு விண்ணப்பப் படிவத்தின் இரண்டாவது வரியே சுவர்.