அது கணக்கில் வருமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், மகள் இழுத்துப் போனதால் போல்டரிங், அதாவது அதிக உயரமில்லாத சுவரில் கயிறில்லாமல் ஏறுவது, பழகத் தொடங்கியிருக்கிறேன். சென்ற வாரம் ஜிம்மில் ஒரு ரூட்டில் (சுவரில் ஏறும் வழி) முதல் முறையாக ஏறி, பாதியில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற, முன்பின் தெரியாத ஒருவர் இடது காலை எங்கே வைப்பது என்று குரல் கொடுத்தார். அப்படியே வைத்தேன், ஏறிவிட்டேன். இறங்கியதும் மகள், "அவர் சொல்லித்தானே ஏறினீங்க, அது கணக்குல வராதும்மா" என்கிறாள். டெய்ரி ஃபார்ம் பாறைக்குப் போனால், கயிற்றை எதில் மாட்டலாம், எதில் கூடாது என்று அங்கே வேறு பாடம். இந்த ஊரில் பாலர் பள்ளியிலிருந்து எல்லாவற்றுக்கும் விதி. விளையாடப் போன இடத்திலுமா? நடுவரே இல்லாத விளையாட்டில் யாருக்காக இவ்வளவும்?

க., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

முதலில் மகள் வழக்கைத் தீர்த்துவிடுவோம். யாரும் எதுவும் சொல்லாமல், பிறர் ஏறுவதைப் பார்க்காமல் முதல் முயற்சியிலேயே ஏறினால் அது ஆன்சைட். யோசனை கேட்டுக்கொண்டு முதல் முயற்சியில் ஏறினால் ஃபிளாஷ். ஆக, நீங்கள் ஏறியது ஃபிளாஷ், தாராளமாகக் கணக்கில் வரும். மகளிடம் காட்டுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் ஏறுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஆட்டம்தான். 1975 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பாறைகளில் குர்ட் ஆல்பர்ட் என்பவர் ஒன்று செய்தார். பாறையில் அடித்திருந்த ஆணிகளைப் பிடித்து இழுத்து ஏறுவது அன்று சகஜம். அவர் ஆணியையும் கயிற்றையும் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகால் பலத்திலேயே ஏறி முடித்த ரூட்டுகளின் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தார். யாரும் கேட்கவில்லை, பரிசும் கிடையாது. பிடித்தவர்கள் பின்பற்றினார்கள், இன்று உலகம் முழுக்க அப்படி ஏறுவதுதான் வழக்கம். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஏறாததை ஏறினேன் என்று சொல்லாதவரை யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கே இந்தப் பட்டியலில் பெரிய ஆர்வம் கிடையாது.

ஆனால் அந்தக் கீழே நின்ற மனிதர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முன்னங்கை கல்லாக இறுகிவிட்டது, விரலில் வியர்வை, அடுத்த பிடி ஒரு சாண் தள்ளி இருக்கிறது. இடுப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் எட்டுமா, காலை மாற்றினால் எட்டுமா என்று உடம்பே யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தானே நாம் காசு கொடுத்து உள்ளே போகிறோம்? விடையைச் சொல்லிவிட்டால் மிச்சமிருப்பது உடற்பயிற்சி. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பிள்ளை தப்பாகப் போடுவதற்கு முன்பே விடையைச் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் புத்தி நம் எல்லாருக்கும் இருக்கிறது. பெண்கள் ஏறும்போது இது கூடுதலாகவே நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) பக்கிள் சரியாகப் போடவில்லை, முடிச்சு பாதியில் நிற்கிறது, பெலே செய்பவரின், அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவரின், கை பிரேக் கயிற்றை விட்டுவிட்டது, ஒருவர் விழப்போகும் மெத்தையில் குழந்தை ஓடுகிறது - இதையெல்லாம் பார்த்தால் தயவுசெய்து கத்துங்கள். யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் டெய்ரி ஃபார்ம். அங்கே சொன்ன விதி வேறு ரகம், அதை நீங்கள் ஜிம் கணக்கோடு சேர்க்கக்கூடாது. உச்சியில் பாறையோடு பொருத்திய வளையங்கள் இருக்கின்றன, இல்லையா? நாள் முழுக்க மாறி மாறி ஏறும்போது கயிற்றை நேராக அவற்றில் ஓட்டினால், கயிற்றில் ஒட்டிய மணல் அரம் போல அறுத்து, வளையத்தில் பள்ளம் விழும். அதனால்தான் உங்கள் சொந்தக் காராபினர்களை (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) மாட்டி அதில் கயிற்றை ஓட்டச் சொல்கிறார்கள். கடைசி ஆள் மட்டும் வளையத்தில் கோத்து இறங்கினால் போதும். தேய்ந்த வளையத்தில் தொங்கப்போவது உங்களுக்கு அடுத்து வருபவர். சிங்கப்பூரில் கயிறு கட்டி இயற்கைப் பாறையில் ஏற அனுமதியுள்ள இடம் அது ஒன்றுதான். அதைக் கெடுத்துக்கொண்டால் அடுத்தது மலேசியாவின் பத்து கேவ்ஸுக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும்.

இயற்கைப் பாறை என்றேனே, அதிலும் ஒரு வேடிக்கை. அது பழைய கல்குவாரி. வெடிவைத்து உடைத்த கிரானைட் சுவரில் நின்றுகொண்டு, உளியால் ஒரு சின்னப் பிடி செதுக்கினால் பாவம் என்கிறோம். சிரிப்பு வரலாம். ஆனாலும் நான் செதுக்க விடமாட்டேன். எனக்கு எட்டாத இடத்தில் நான் ஒரு பள்ளம் போட்டால், எட்டக்கூடிய ஒருவரின் ரூட்டை அழித்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இப்படித்தான் நடந்தது. அடித்து அடித்துப் பிடுங்கிய இரும்பு ஆணிகளால் கிரானைட் பிளவுகள் சிதைந்தன. அந்த ஆணிகளைச் செய்து விற்றுப் பிழைத்த யுவோன் ஷுனார், 1972இல் தன் விற்பனைப் பட்டியலிலேயே ஆணி வேண்டாம், பிளவில் கையால் செருகிக் கையாலேயே எடுக்கும் 'நட்டு' என்ற உலோகத் துண்டுகளுக்கு மாறுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். அங்கேயும் நடுவர் யாரும் இல்லை.

எழுதப்படாத விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று, ஒரே கும்பல் நல்ல ரூட்டில் கயிற்றைத் தொங்கவிட்டுக் காலை முழுக்க உட்காராதே என்பது. அப்படி உட்காருவது ஹாக்கர் சென்டர் சாப்பாட்டு மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது போலத்தான். நம்மூரில் அந்தப் பழக்கம் பாறைக்கும் வந்துவிட்டது. போய்க் கேளுங்கள், பெரும்பாலும் கயிற்றை விட்டுத் தருவார்கள், சில சமயம் உங்களையும் அதிலேயே ஏறச் சொல்வார்கள்.

ஜிம்மில் மறுபடி யாராவது கீழிருந்து வழி சொன்னால், "நானே பார்த்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மறுபேச்சு இருக்காது. மகளிடம் அது பலிக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.