மூளைக்குப் பரவிய மெலனோமா: மாத்திரையா, இம்யூனோதெரபியா?

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அப்பாவின் மூளைக்குப் பரவியிருக்கிறது, டாக்டர் மாத்திரை என்கிறார், இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை) கொடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய்ச் செல்களில் பிராஃப் (BRAF) என்ற மரபணு மாற்றம் இருப்பதாலேயே அப்பாவுக்கு மாத்திரையில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. மூளையில் மூன்று சிறு கட்டிகள், தலைவலியோ வலிப்போ இல்லை என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே முதல் தேர்வு. 2018-ல் வெளியான ஆய்வொன்றில், அறிகுறி இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூளைக் கட்டிகள் நன்றாகச் சுருங்கின. பிராஃப் மாற்றத்தைக் குறிவைக்கும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகள் வேகமாகச் சுருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் மூளையில் பலன் தேய்ந்துவிடுகிறது.

பிறகு டாக்டர் ஏன் மாத்திரை என்றார்? டெக்சாமெத்தசோன் காரணமாக இருக்கலாம். மூளை வீக்கத்துக்குத் தரும் அந்த ஸ்டீராய்டு நோயெதிர்ப்பை அடக்கும். இம்யூனோதெரபிக்கோ அந்த எதிர்ப்புதான் மூலதனம்.

மருந்துச் சீட்டில் அது இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை மி.கி. என்று பாருங்கள். இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்:

1. அளவைக் குறைக்க முடியுமா?
2. மூன்று கட்டிகளுக்கும் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு (கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைப்பது) கொடுக்கலாமா? (முழு மூளைக்கும் கொடுப்பது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. இம்யூனோதெரபி தொடங்கியபின் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி வந்துவிட்டால் எதை முதலில் தருவது என்ற இந்தக் கணக்கே மாறலாம்.