அமெரிக்க இராணுவப் பதிவில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்ப்பது எப்படி?

90களில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்துவிட்டு இப்போது வவுனியாவில் வசிக்கும் உங்கள் மாமாவின் டிடி 214 படிவத்தில் (படையிலிருந்து விலகும்போது கொடுக்கும் சேவைச் சான்று) இரண்டு பதக்கங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எடுத்த எடுப்பிலேயே இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபைக்கு ஓட வேண்டாம். 214 வெறும் சுருக்கம்தான். பழைய பதிவுகளைக் கேட்கும் எஸ்.எஃப் 180 படிவத்தில் மாமாவே கையெழுத்திட்டு, செயின்ட் லூயிஸிலுள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்திடம் தன் முழுச் சேவைக் கோவையையும் கேட்கட்டும். பதக்கம் வழங்கிய கட்டளை அதற்குள் கிடந்தால் அது வெறும் எழுத்தர் பிழை. டிடி 215 என்ற திருத்தத் தாளோடு காரியம் முடிந்துவிடும்.

கோவையிலும் இல்லையென்றால்தான் டிடி 149, அதாவது திருத்தச் சபைக்கான விண்ணப்பப் படிவம். பிழையைக் கண்டு 3 வருடத்துக்குள் சபைக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் காரணத்தை எழுதுங்கள், நீதி கருதி ஏற்கலாம். ஆனால் ஆதாரம் தேடுவது சபையின் வேலையல்ல, உங்களுடையது. பழைய கட்டளைப் பிரதிகள், கூட இருந்தவர்களின் சத்தியக் கூற்று எல்லாம் உதவும். "நல்ல வீரர்" என்று எழுதிய கடிதத்தால் பலனில்லை. எந்த நாள், எந்த இடம், கண்ணால் கண்டது என்ன என்பது வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துக் கச்சேரிக்கு அலைந்த வன்னிச் சனத்துக்கு இந்த அலைச்சல் புதிதா என்ன!

1973 தீவிபத்தில் அந்த நிலையத்தில் எரிந்த தரைப்படைக் கோவைகள் 1960க்கு முன் விலகியவர்களுடையவை. மாமாவுக்கு அந்தப் பயம் இல்லை.

மூலப்பிரதிகளை அனுப்பாதீர்கள். டிடி 149க்குக் கட்டணமும் இல்லை. காசு கேட்கும் முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.